வேன் வேணாம்னு சொல்லிட்டு ஒரு நாள்: சிங்கப்பூர் ரயில், பஸ் பத்தி ஒரு குடும்ப ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இது ஹோட்டல் ரிவ்யூவும் இல்ல, தீம் பார்க் ரிவ்யூவும் இல்ல. சிங்கப்பூர்ல ஓடுற எம்ஆர்டிங்கற மெட்ரோ ரயில், எல்ஆர்டிங்கற குட்டி ரயில், டவுன் பஸ் இந்த மூணை மட்டும் வச்சு, டாக்ஸி ஒரு தடவகூட ஏறாம, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் குடும்பத்தோட சுத்தினதப் பத்தி. நாங்க அஞ்சு பேர். நான், வீட்டுக்காரர், பத்து வயசுல பெரியவன், அஞ்சு வயசுல பாப்பா, அப்புறம் அறுபத்தெட்டு வயசுல என் மாமியார், அதாவது அத்தை.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டிராவல்ஸ்காரர்கிட்ட கேட்டோம். "வயசானவங்க இருக்காங்க, சின்னக் குழந்தை இருக்கு, ரயில்லாம் உங்களுக்கு செட் ஆகாது மேடம், பேசாம வேன் போட்டுக்குங்க"ன்னாரு. எட்டு மணி நேரத்துக்கு அவர் சொன்ன தொகையக் கேட்டதும் வீட்டுக்காரர் போன ஸ்பீக்கர்ல இருந்து எடுத்துட்டு பால்கனிக்குப் போயிட்டாரு, அத்தை காதுல விழக்கூடாதுன்னு. ஆனா விழுந்துடுச்சு. "அந்தக் காசுக்கு நம்ம ஊருல ஒரு மாடு வாங்கலாம்டா"ன்னாங்க, அதோட வேன் பேச்சு முடிஞ்சுது.

நாங்க தங்கினது லிட்டில் இந்தியா பக்கம். அங்க இருக்குற தமிழாளுங்க இன்னும் அந்த ஏரியாவ தேக்கான்னுதான் சொல்றாங்க, டாலர்னும் சொல்லல, வெள்ளிங்கறாங்க, ரெண்டு நாள்ல நமக்கும் அதுவே வாய்ல வந்துடுது. செவ்வாய்க்கிழமையா பாத்து கிளம்பினோம், ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆபீஸ் கூட்டம் கரையட்டும்னு ஒம்பதரைக்கு மேலதான் ஸ்டேஷனுக்குள்ள போனோம், அது சரியான முடிவு.

உள்ள போனதுமே ஒரு முட்டாள்தனம் பண்ணினோம், நீங்க பண்ணாதீங்க. அங்க டிக்கெட் கவுன்ட்டர்ல நின்னு டிக்கெட் வாங்க வேண்டியதில்ல, நம்ம பேங்க் கார்டு டச் பண்ற டைப்பா இருந்து வெளிநாட்டுல வேலை செய்ற மாதிரி ஆன் பண்ணி வச்சிருந்தா அதையே கேட்ல வச்சு உள்ள போயிடலாம், இறங்குற இடத்துல திரும்ப வச்சா தூரத்துக்கு ஏத்த மாதிரி காசு எடுத்துக்கும். இது வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும், ஒரு மாசமா வீடியோ பாத்துட்டு வந்த மனுஷன். தெரியாதது என்னன்னா, ஒரு ஆளுக்கு ஒரு கார்டுதான். இவரு பாட்டுக்கு தன் கார்டை வச்சு உள்ள போயிட்டு, அதே கார்டை கேட்டுக்கு மேல கைய நீட்டி எங்கிட்ட குடுத்தாரு, நான் வச்சேன், சிவப்பு லைட்டு எரிஞ்சுது, கேட்டு திறக்கல. பின்னாடி நாலு பேரு. இவரு உள்ள, நாங்க நாலு பேரும் வெளிய, ஏதோ ஜெயில்ல மனு பாக்குற மாதிரி நின்னோம்.

ஓரத்துல இருந்த ஸ்டேஷன் ஆளு வந்து தமிழ்லயே பேசினாரு. "அம்மா, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கார்டு வேணும்மா." பத்து வெள்ளிக்கு பயணக் கார்டு கிடைக்கும், அதுல அஞ்சு வெள்ளி கார்டோட விலை, அது திரும்ப வராது, மீதி அஞ்சு நம்ம பயணத்துக்கு. எனக்கு என் பேங்க் கார்டே வேலை செஞ்சுது, அத்தைக்கும் பெரியவனுக்கும் கார்டு வாங்கினோம். வெளிநாட்டு பேங்க் கார்டுன்னா பயன்படுத்துற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலா எடுப்பாங்க, ரெண்டு மூணு நாள்னா பரவால்ல, ஒரு வாரம் பத்து நாள் தங்குறவங்க கார்டே வாங்கிடுங்க. சின்னப் புள்ளைங்க 0.9 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருந்தா ஃப்ரீ, அதுக்கு மேல வளந்திருந்தா ஏழு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு தனியா ஒரு கார்டு இருக்கு, பாஸ்போர்ட்ட எடுத்துட்டுப் போய் கவுன்ட்டர்ல கேக்கணும். பாப்பாக்கு முந்தின நாளே வாங்கி வச்சிருந்தோம், அதுல மட்டும் உஷாரா இருந்தோம். அத்தைக்கு சீனியர் சலுகை கிடைக்குமான்னு கேட்டேன், அது அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான். டூரிஸ்ட் பாஸ்னு ஒண்ணு இருக்கு, நாள் முழுக்க எவ்ளோ வேணா போலாம், ஆனா சாதாரண கட்டணமே ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி சில்லறைல இருந்து ரெண்டரை வெள்ளி பக்கம்தான் வருது, அதனால நாளுக்கு அஞ்சாறு தடவ ஏறி இறங்குற குடும்பத்துக்கு அந்த பாஸ் தேவையில்லங்கறது என் கணக்கு.

இப்ப அத்தை விஷயம். அத்தை அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க, தமிழ் பேப்பர் வரி விடாம படிப்பாங்க, இங்கிலீஷ் சுத்தமா வராது. வெளியூர் எங்க போனாலும் என் முந்தானைய புடிச்சுட்டே வருவாங்க, போர்டைப் பாக்கவே மாட்டாங்க, பாத்து என்ன ஆகப்போகுதுங்கற மாதிரி. இங்க எஸ்கலேட்டர்ல இறங்கினதும் தலைய நிமித்தி சத்தமா படிச்சாங்க, "லிட்டில் இந்தியா". இங்கிலீஷ், சீனம், தமிழ் மூணுலயும் ஸ்டேஷன் பேரு. அதுக்கப்புறம் எச்சரிக்கை போர்டு ஒண்ணு, அதுலயும் தமிழ். கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கர்ல தமிழ்லயே அறிவிப்பு வந்துச்சு. அத்தை என் கைய விட்டுட்டாங்க. சத்தியமா சொல்றேன், ப்ளாட்ஃபார்ம்ல முதல் ஆளா போய் நின்னது அவங்கதான்.

எஸ்கலேட்டர் பத்தி ஒரு வார்த்தை, நம்ம ஊரு மால்ல ஓடுறதவிட வேகம் ஜாஸ்தி, முதல் தடவ பெரியவங்களுக்கு கால் தடுமாறும், எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, அதுல போங்க. எஸ்கலேட்டர்ல நின்னா இடது பக்கம் ஒதுங்கி நிக்கணும், அவசரமா போறவங்க வலது பக்கம் ஏறிப் போவாங்க. அப்புறம் குழந்தை குட்டியோட போறவங்களுக்கு நான் சொல்ற பெரிய ப்ளஸ், எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் பாத்ரூம் இருக்கு, சுத்தமாவும் இருக்கு. எந்த ட்ராவல் வீடியோலயும் இதைச் சொல்ல மாட்டேங்கறாங்க, ஆனா அஞ்சு வயசுப் புள்ளைய வச்சுட்டு ஒரு நாள் வெளிய சுத்துறவளுக்கு இதுதான் மேட்டரே.

ஏறினது டவுன்டவுன் லைன், மேப்ல நீலக் கலரு. எங்க ப்ளான் மொத்தமும் இந்த ஒரு லைன நம்பித்தான். டிரைவர் இல்லாத ரயில் அது, முன்னாடி கேபினே கிடையாது, அதனால முதல் பெட்டில கண்ணாடிகிட்ட போய் நின்னா சுரங்கம் அப்படியே நம்ம மேல வர்ற மாதிரி இருக்கும். பெரியவன் அங்க போய் ஒட்டிக்கிட்டவன்தான், நாள் முழுக்க அவன முதுகுப் பக்கமாதான் பாத்தேன். பாப்பா "ஓட்டுற மாமா எங்க"ன்னு நாலு தடவ கேட்டா. மூணாவது ஸ்டாப் பொட்டானிக் கார்டன்ஸ். கதவு திறந்ததும் அத்தை நின்னுட்டாங்க. போர்டுல தமிழ்ல "பூமலை"ன்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ் பேர அப்படியே தமிழ்ல எழுதாம, அந்தக் காலத்துத் தமிழாளுங்க அந்தத் தோட்டத்துக்கு வச்சிருந்த பேரையே போட்டிருக்காங்க. "எங்கப்பா சொல்லுவாரு இந்தப் பேர"ன்னாங்க அத்தை, வேற ஒண்ணும் சொல்லல.

அத்தையோட அப்பா மலாயால ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு. நான் கல்யாணமாகி வந்து பதிமூணு வருஷத்துல அதிகபட்சம் நாலு தடவ கேட்டிருப்பேன் அந்தக் கதைய. இந்தத் தோட்டம் 1859-ல ஆரம்பிச்சது, 2015-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க, உள்ள போறதுக்கு காசு கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். ஆனா எங்க குடும்பத்துக்கு முக்கியமானது வேற. 1877-ல ரப்பர் கன்னு இங்கதான் வந்து இறங்கிச்சு, அப்புறம் 1888-ல பொறுப்புக்கு வந்த ரிட்லிங்கற வெள்ளைக்காரரு மரம் சாகாம பட்டைய மட்டும் சாய்வா சீவி பால் எடுக்குற முறைய இங்க வச்சுத்தான் கண்டுபுடிச்சாரு, அதுக்கப்புறம்தான் மலாயா முழுக்க ரப்பர் தோட்டமாச்சு, நம்ம ஜனங்க கப்பல் கப்பலா போனது. இத நான் போன்ல படிச்சு அத்தைக்குச் சொன்னேன். அவங்க பக்கத்துல இருந்த ஏதோ ஒரு மரத்துக்கிட்ட போய், ரப்பர் மரம்கூட இல்ல அது, பட்டைல விரலால மேல இருந்து கீழ சாய்வா ஒரு கோடு போட்டுக் காட்டினாங்க பெரியவனுக்கு. "இப்படித்தான்டா, விடியக்காலைல நாலு மணிக்கு." அவ்ளோதான். அவன் கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பாத்துட்டு இருந்தான்.

ஸ்டேஷன் வாசல் தோட்டத்துக்குப் பக்கத்துலயே திறக்குது, நடக்குற தூரமே இல்ல. அந்தப் பக்கம்தான் சின்னப் பிள்ளைங்களுக்கான ஜேக்கப் பல்லாஸ் தோட்டமும் இருக்கு, அதுவும் ஃப்ரீ, திங்கக்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை கிளம்பினதுக்கு காரணம் இதான். மரவீடு, சறுக்கு, தண்ணி பீச்சுற இடம்லாம் இருக்கு, மாத்துத் துணி எடுத்துட்டுப் போங்க, நான் எடுத்துட்டுப் போகல. நனஞ்ச பாப்பாவ என் துப்பட்டால சுத்தி ரயில் ஏசில கூட்டிட்டுப் போனேன்.

அடுத்தது இந்த நாளோட ஹீரோ. பூமலைல இருந்து அதே நீல லைன்ல மறு கோடி வரைக்கும் போனா புக்கிட் பாஞ்சாங். மலாய்ல நீளமான மலைன்னு அர்த்தம், பூமலைல ஏறி நீளமலைல இறங்கினோம்னு வீட்டுக்காரர் ஜோக்கு அடிச்சாரு, யாரும் சிரிக்கல. அங்க டூரிஸ்ட் யாரும் போறதில்ல, பாக்க ஒரு இடமும் இல்ல, சாதாரண ஜனங்க குடியிருக்குற அடுக்குமாடி வீடுங்கதான். எதுக்குப் போனோம்னா எல்ஆர்டி ஏறுறதுக்கு. எல்ஆர்டின்னா குட்டி ரயில், ஒண்ணு ரெண்டு பெட்டி, இதுலயும் டிரைவர் கிடையாது, ரப்பர் சக்கரம், வீடுங்களுக்கு நடுவுல உயரத்துல பாலம் மேல வளைஞ்சு வளைஞ்சு ஒரு ரவுண்டு அடிச்சு அதே இடத்துக்கு வந்துடும். 1999-ல இருந்து ஓடுது.

அதுல என்ன விசேஷம்னா, சில இடத்துல ரயில் வீட்டு ஜன்னலுக்கு ரொம்பக் கிட்ட போகும். உள்ள இருக்குறவங்க சாப்பிடுறது தூங்குறதெல்லாம் நமக்குத் தெரியக்கூடாதுல்ல, அதனால வீடு பக்கத்துல வர்றப்ப ரயில் கண்ணாடி தானா வெள்ளையா மாறிடும். தண்ணில பால் ஊத்தினா கலங்குற மாதிரியெல்லாம் மெதுவா இல்ல, பட்டுனு, சுவிட்சு போட்ட மாதிரி. வெளிய துணிக் கம்பு நீட்டி நீட்டி வச்சிருக்காங்க, ஒரு சிவப்புப் போர்வை காயுது, அதைப் பாத்துட்டே இருக்கோம், பட்டுனு கண்ணாடி முழுக்க பனி. நாலஞ்சு செகண்டு ஒண்ணுமே தெரியாது. மறுபடி பட்டுனு தெளிஞ்சா அந்த வீடு பின்னாடி போயிருக்கும், மரம் தெரியும். பாப்பா கண்ணாடில கைய வச்சுட்டு "அம்மா, ரயிலு கண்ண மூடுது"ன்னா. அத்தைக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு. "அடுத்தவன் வீட்ட எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ரயிலுக்கே தெரிஞ்சிருக்கு பாரு"ன்னாங்க, சொல்லிட்டு ஏன் என்னைப் பாத்தாங்கன்னு தெரியல.

அந்த ரவுண்டுல வர்ற ஸ்டேஷன் பேரும் சூப்பரா இருக்கு, மலாய் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா சொல்லுவாங்க, பெத்திர்னா இடி மின்னல், ஃபஜார்னா விடியல், செஞ்சான்னா அந்திப் பொழுது. விடியல்ல இருந்து அந்திக்கு அந்த ரயில்ல சில நிமிஷம்தான். உண்மையச் சொன்னா ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி, உக்காந்தே போங்க, நிக்கிறதா இருந்தா கம்பிய புடிங்க. ஆனா பணம் கட்டிப் போற எந்த ரைடையும்விட என் புள்ளைங்க இன்னைக்கு வரைக்கும் பேசுறது இதைத்தான்.

இடையில ஒரு முறுக்கு சம்பவம். அத்தை பையில எப்பவும் ஒரு டப்பா இருக்கும். நீல லைன்ல பாப்பா பசின்னதும் டப்பாவத் திறந்துட்டாங்க. வீட்டுக்காரர் மூஞ்சி வெளுத்துப் போச்சு, மெதுவா மேல இருந்த போர்டைக் காட்டினாரு, ரயில்லயும் ஸ்டேஷன்லயும் சாப்பிட்டாலோ குடிச்சாலோ 500 வெள்ளி வரைக்கும் ஃபைன். அத்தை டப்பாவ மூடின வேகத்தப் பாக்கணுமே. "ஒரு முறுக்கு ஐநூறு வெள்ளியா"ன்னு அடுத்த ரெண்டு ஸ்டேஷன் வரைக்கும் முணுமுணுத்துட்டே வந்தாங்க. தண்ணிகூட உள்ள குடிக்கக் கூடாது, புள்ளைங்களுக்கு கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. டுரியான் பழத்துக்குத் தனியா தடை இருக்கு, வாங்கிட்டு ஏறிடாதீங்க.

திரும்ப அதே சுரங்கத்துல வர வேணாம், ஊரப் பாத்துட்டே போலாம்னு புக்கிட் பாஞ்சாங்ல இருந்து 190-ம் நம்பர் பஸ் புடிச்சோம், மாடி பஸ். பஸ் ஸ்டாப்புல சும்மா நின்னா நிக்காமப் போயிடலாம், நம்ம பஸ் வர்றப்ப கைய நீட்டணும். எக்ஸ்பிரஸ்வே மேல ஏறி, மரங்களுக்கு நடுவுல பறந்து, ஆர்ச்சர்ட் ரோட்டுக்குள்ள புகுந்து, சைனாடவுன் வரைக்கும் வந்துடுது. ஒரு வேன்காரர் நம்மள உக்கார வச்சு கண்ணாடி வழியா காட்டுற அதே சிட்டி டூர்தான் இது, என்ன, மைக்குல யாரும் கத்த மாட்டாங்க. ரயில்ல இருந்து இறங்கி 45 நிமிஷத்துக்குள்ள பஸ் ஏறிட்டா அது தொடர்ச்சியான ஒரே பயணமா கணக்காகும், மறுபடி முதல்ல இருந்து கட்டணம் போடாது, இந்த சிஸ்டம் நம்ம ஊர்லயும் வந்தா எவ்ளோ நல்லாருக்கும்.

மாடில முன் சீட்டு காலியா இருந்துச்சு, இவரும் பசங்களும் ஓடிட்டாங்க. பஸ் நகந்துட்டா அந்தப் படி வயசானவங்களுக்கு ஆகாது, அதனால நானும் அத்தையும் கீழ. கதவுகிட்ட உக்காந்திருந்த ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பொண்ணு, அத்தையப் பாத்த செகண்டுல எழுந்துடுச்சு, ஒரு வார்த்தை பேசல, சும்மா எழுந்து தள்ளி நின்னு போனப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. அத்தை அதுக்கிட்ட "நல்லாரு தாயி"ன்னாங்க. அதுக்குப் புரிஞ்சிருக்காது, சிரிச்சுச்சு.

பஸ்ல இறங்குறப்பவும் கார்டை வைக்கணும், மறந்தா அந்த பஸ் போற கடைசி ஸ்டாப் வரைக்கும் உள்ள காச எடுத்துடும். இத காலைல இருந்து எல்லாருக்கும் பாடம் எடுத்தது நான், மறந்ததும் நான்தான், தூங்கின பாப்பாவ தோள்ல போட்டுட்டு இறங்கிட்டேன். நல்லவேளை சைனாடவுன் தாண்டினா அந்த பஸ்ஸுக்கு கொஞ்ச தூரம்தான் மிச்சம், சில்லறையோட போச்சு. அத்தை மறக்காம வச்சாங்க, அதை ரெண்டு தடவ சொல்லிக் காட்டினாங்க.

சைனாடவுன்ல எங்களுக்கு வேலை மாரியம்மன் கோயில். சீனாக்காரங்க தெருவுக்கு நடுவுல நம்ம கோபுரம் நிக்கிறதப் பாக்கணும், 1819-ல, இந்த ஊருக்கு அடித்தளம் போட்ட ராஃபிள்ஸ்ங்கற வெள்ளைக்காரரு கூட பினாங்குல இருந்து வந்த நாராயண பிள்ளை முன்ன நின்னு 1827-ல உண்டாக்கின கோயில், அந்த ஊர்லயே ரொம்பப் பழைய இந்துக் கோயில் இதான், தீபாவளிக்கு முன்னாடி இங்கதான் தீமிதி. நாங்க போனப்ப மணி ஒன்றரை, நடை சாத்தியிருந்துச்சு. மத்தியானம் சாத்துவாங்கன்னு யோசிக்காம ப்ளான் போட்டது என் தப்பு. அத்தை வெளிய நின்னே கும்பிட்டுட்டு, செருப்ப மாட்டிட்டு, "சோறு எங்க"ன்னாங்க.

சாப்பாடு பக்கத்துலயே ஒரு ஹாக்கர் சென்டர்ல, அதாவது நிறைய சாப்பாட்டுக் கடைங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்குற இடத்துல, அத பத்தி ரொம்ப எழுதல, இது சாப்பாட்டு ரிவ்யூ இல்ல. ஒண்ணு மட்டும், சாப்பிட்டு முடிச்சா தட்டை நாமளே எடுத்துட்டுப் போய் அதுக்குரிய ரேக்குல வைக்கணும், 2021-ல இருந்து அது கட்டாயம். வீட்டுல ஒரு டம்ளர எடுத்து வைக்காத மனுஷன் அஞ்சு தட்டை அடுக்கிட்டுப் போனத நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.

மத்தியான வெயிலு பத்தி யாரும் சொல்லலையேன்னு நினைச்சேன். நம்ம ஊரு வெயில் மாதிரி சுடல, ஆனா புழுக்கம், சட்டை உடம்போட ஒட்டிக்கும். இந்த நேரத்துல ரயில்தான் கை குடுத்துச்சு. சைனாடவுன்ல இருந்து அதே நீல லைன்ல மூணாவது ஸ்டாப் பேஃபிரன்ட், அங்க கீழயே கடைங்க, ஏசி, உக்கார இடம்னு அஞ்சரை வரைக்கும் ஓட்டிட்டோம், பாதி நேரம் அஞ்சு பேரும் தூங்கினோம்னு சொன்னா தப்பில்ல. அப்புறம் சுரங்க நடை வழியா கார்டன்ஸ் பை த பேங்கற பெரிய தோட்டம். கண்ணாடி மாளிகை ரெண்டுக்கும் டிக்கெட் உண்டு, நாங்க போகல. 25 மீட்டர்ல இருந்து 50 மீட்டர் வரைக்கும் உயரமா, மரம் மாதிரியே கட்டி வச்சிருக்குற இரும்பு மரங்களுக்குக் கீழ நடக்குறதுக்கு காசு இல்ல, ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோட லைட் ஷோவும் ஃப்ரீ. தரைல ஒரு துண்ட விரிச்சு மல்லாந்து படுத்துப் பாருங்க, எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. முதல்ல கூச்சப்பட்ட அத்தை அப்புறம் படுத்துட்டாங்க, எழுப்புறதுக்கு ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. இங்க நடை ஜாஸ்தி, ஸ்டேஷன்ல இருந்து போக வர, உள்ள சுத்தன்னு முட்டி வலிக்காரங்களுக்கு கஷ்டம், வீல்சேரோ உக்காந்து உக்காந்து போற நேரமோ கையில வச்சுக்குங்க. போக்குவரத்துக்கு நான் முழு மார்க்கு போடாம அரை மார்க்கு குறைக்கிறது இதுக்குத்தான், ரயில் கொண்டு வந்து விடும், ஆனா அதுக்கப்புறம் கால்தான்.

திரும்புறப்ப கூத்து. பேஃபிரன்ட்ல ப்ளாட்ஃபார்ம் ரெண்டு தளத்துல இருக்கு, ஒவ்வொரு தளத்துலயும் ஒரு பக்கம் நீல லைன், எதிர்ல ஆரஞ்சு லைன். மாறுறவங்களுக்கு வசதி, எங்கள மாதிரி அரைத்தூக்கத்துல வர்றவங்களுக்கு பொறி. நீலக் கலரப் பாத்ததும் ஏறிட்டோம். நாலாவது ஸ்டாப்புல லிட்டில் இந்தியா வரணும், இவரு கண்ண மூடிட்டு விரல்ல எண்ணிட்டு வர்றாரு. மூணாவது ஸ்டாப்புல கதவு திறந்ததும் அத்தை வெளிய பாத்துட்டு சொன்னாங்க, "ஏன்டா, சைனாடவுன்னு போட்டிருக்கு, இது மத்தியானம் சோறு தின்ன ஊரு இல்ல?"

எதிர்த் திசைல ஏறியிருக்கோம். நாங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, கையில ஆளுக்கொரு போனு, மேப்பு, ஆப்பு. கண்டுபுடிச்சது அத்தை. இறங்கி எதிர்ப் பக்கம் போலாம்னு நான் எழுந்தேன், பெரியவன்தான் மேப்பக் காட்டி வேணாம்னான். இந்த நீல லைன் விசித்திரமானது, ஊரச் சுத்தி வளைஞ்சு வந்து தன்னையே ஒரு தடவ குறுக்க வெட்டிட்டுப் போகுது, அதனால அப்படியே போனாலும் ஃபோர்ட் கேனிங், பென்கூலன் தாண்டி ஜாலான் புசார் வந்துடும், அங்க இருந்து எங்க ரூமுக்கு நடக்குற தூரம்தான். பென்கூலன் தரைக்கு 43 மீட்டர் கீழ இருக்கு, சிங்கப்பூர் ஸ்டேஷன்லயே அதுதான் ஆழம், அதுக்காகவே அவன் அந்தப் பக்கம் போகணும்னு நாள் முழுக்க கேட்டுட்டு இருந்தான், எனக்கு லேசா சந்தேகம், அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோன்னு. கேட்டா சிரிக்கிறான்.

ஜாலான் புசார்ல இறங்கி தேக்கா பக்கம் நடந்தோம், மணி ஒம்பதரைக்கு மேல, ரோட்டுல பயமே இல்ல. ரூமுக்கு வந்து இவரு கணக்கு போட்டாரு, கார்டு வாங்கின காச விட்டுட்டா நாள் முழுக்க பயணத்துக்கு ஒரு ஆளுக்கு பத்து வெள்ளியத் தொடல. அந்த வேன் தொகைய எழுதி வச்சிருந்த பேப்பர அத்தை வாங்கி அதுல முறுக்க வச்சு புள்ளைங்களுக்குக் குடுத்தாங்க.

கடைசி நாள் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லலாம்னு இவரு போன எடுத்தப்ப, "எதுக்குடா, பச்சை லைன்ல போயி தானா மேரா ஸ்டேஷன்ல மாறுனா ஏர்போர்ட்டுங்கறான்ல"ன்னாங்க அத்தை. யாரு சொன்னாங்கன்னு கேட்டதுக்கு பெரியவனக் காட்டினாங்க. நாலு பெட்டி, ரெண்டு கட்டைப்பை, தூக்கக் கலக்கத்துல பாப்பா. அந்த ஒரு விஷயத்துல மட்டும் அத்தை பேச்சக் கேக்காம டாக்ஸில போனோம், ஏர்போர்ட் வர்ற வரைக்கும் என்கிட்ட பேசல.